வெங்காய வேரும் வேலிப் பூவரசும்

சின்ன வெங்காயம் ஒன்றை மண்ணோடு கிண்டி எடுத்து, உதறாமல் ஒரு வாளித் தண்ணீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். வேர் என்று மிஞ்சுவது கொஞ்ச வெள்ளை நூல்கள்தான். கிளை குறைவு. மிளகாய் வேரிலோ புல் வேரிலோ தெரியும் மெல்லிய வேர்மயிர் இதில் இல்லையென்றே சொல்லலாம். ஓரடிக்குக் கீழே போவதும் அருமை. இந்த வேரை வைத்துக்கொண்டு சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கும் யாழ்ப்பாணத்து வலிகாமச் செம்மண்ணில் பயிர் பிழைப்பதற்குக் காரணம், வேருக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு பங்கசு, அதாவது பூஞ்சணம்.

பங்கசு என்றதும் தோட்டக்காரருக்கு நினைவு வருவது திருகல் நோய், குமிழ் அழுகல், முந்திரிகை (திராட்சை) இலையின் அடியில் வெள்ளை படிவது, வாழையின் பனாமா வாடல். எல்லாமே எதிரிகள். அதனால் பங்கசு நாசினி அடிக்கும்போது மண்ணில் நல்லது ஏதும் சாகுமோ என்று யாரும் யோசிப்பதில்லை. தரைத் தாவர இனங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு, வேர்ப்பங்கசோடு கூட்டுச் சேர்ந்தே வாழ்கின்றன. ஸ்கொட்லாந்தின் ரைனி என்ற இடத்தில் கிடைத்த, 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய தாவரப் புதைபடிவங்களில் இந்தக் கூட்டு அப்படியே தெரிகிறது. சரியான வேர் என்று ஒன்று உருவாகாத காலத்துச் செடிகள் அவை. வேருக்கு முந்தியே பங்கசு வந்துவிட்டது.

எங்கள் பயிர்களோடு சேர்வது காளான் விடாத வகை. மழைக்குப் பிறகு புற்றடியில் முளைக்கும் நாய்க்குடைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது வேரின் கலங்களுக்குள் நுழைந்து, மரக்கிளை போலப் பிரிந்து நிற்கும். அந்தக் கிளைகளில்தான் கொடுக்கல் வாங்கல். செடி தான் செய்த சீனியிலும் கொழுப்பிலும் ஒரு பங்கை இறக்கும். பங்கசு மண்ணிலிருந்து கொண்டுவந்த பொசுபரசு, நாகம் (துத்தநாகம்), செம்பு ஆகியவற்றை ஏற்றும். ஒரு கிளைக்கூட்டத்தின் ஆயுள் சில நாள்தான். பழையது கரைய, பக்கத்துக் கலத்தில் புதியது எழும். செடி கொடுக்கும் விலையும் சின்னதல்ல. தன் காபனில் நூற்றுக்கு 4 முதல் 20 வரை இந்த வழியில் போகிறது என்பது பொதுவான மதிப்பீடு.

அவ்வளவு கொடுத்தும் செடிக்குக் கட்டுவதற்குக் காரணம் பொசுபரசின் குணம். நைத்திரேற்று தண்ணீரோடு ஓடும். அது ஓடிப் போய்ச் சேர்ந்த இடம் எங்கள் கிணறுகள். பொசுபரசு அப்படி ஓடாது. காரத்தன்மை கூடிய மண்ணில் கல்சியம் அதைப் பிடித்துக் கட்டிவிடும். எங்கள் கிணற்றுத் தண்ணீரும் கடினத் தண்ணீர் என்பதால் ஒவ்வொரு இறைப்பும் மண்ணுக்கு இன்னும் கொஞ்சம் கல்சியம் ஊற்றுகிறது. வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீற்றரில் உள்ளதை உறிஞ்சி முடித்ததும் அந்த வளையம் வெறுமையாகிவிடும். பங்கசு இழையோ வேரைத் தாண்டிப் பல சென்ரிமீற்றர் போகும். 2 முதல் 10 மைக்குரோமீற்றர்தான் பருமன். வேர்மயிர் நுழைய முடியாத இடுக்குக்குள்ளும் நுழையும். சுண்ணாம்பைக் கரைத்துப் பொசுபரசை எடுக்கிறது என்று கடையில் விற்கும் சில வேர்ப்பங்கசுப் பொதிகளில் எழுதியிருப்பது அளவுக்கு மீறிய பேச்சு. கரைக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது இழையைச் சுற்றி வாழும் பற்றீரியாக்கள். பங்கசின் பலம் அது எட்டிப்பிடிக்கும் தூரம்.

இந்தக் கூட்டு குலைவது பெரும்பாலும் பசளையால்தான். பொசுபரசுப் பஞ்சம் வந்தால் செடியின் வேர் ஒருவகை வேதிச் சமிக்ஞையை மண்ணில் விடும். அதை உணர்ந்த பங்கசு இழை கிளைவிட்டு வேரைத் தேடி வரும். பொசுபரசு கையில் தாராளமாக இருக்கும் செடி சமிக்ஞையையும் குறைக்கும், உள்ளே வந்த பங்கசுக்குச் சீனியையும் குறைக்கும். ஓர் உதாரணக் கணக்குப் போடலாம். ஒரு பரப்பு என்பது ஏறக்குறைய 253 சதுர மீற்றர். அதில் 5 கிலோ ரி.எஸ்.பி (பொசுபரசுப் பசளை) இட்டால் தனிப் பொசுபரசாக 1 கிலோ போகிறது. அந்தப் பரப்பில் 400 கிலோ வெங்காயம் எடுத்தால், 100 கிராமில் 60 மில்லிகிராம் என்ற அளவில், காணியை விட்டு வெளியே போவது 240 கிராம். மிச்சம் 750 கிராமுக்கு மேல் மண்ணிலேயே தங்குகிறது. அடுத்த போகமும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. கோழி எரு போட்டவர் "நான் பசளை போடேல்லை" என்று சொல்வதும் உண்டு. 50 கிலோக் கோழி எருவிலும் ஏறக்குறைய அரைக் கிலோப் பொசுபரசு இருக்கிறது என்பது அவர் கணக்கில் வராது.

ஆகவே, வேர்ப்பங்கசுப் பொதி வாங்க முதல் செய்ய வேண்டியது மண் பரிசோதனை. காரமண்ணுக்கு ஒல்சன் முறையில் பொசுபரசு பார்க்கச் சொல்லுங்கள். அமில மண்ணுக்கான முறை இங்கே பிழையான எண்ணைத் தரும். அளவு உயர்வாக இருந்தால் பொதிக் காசு வீண். இரண்டு மூன்று போகத்துக்கு ரி.எஸ்.பியை நிறுத்தினாலே மண்ணில் ஏற்கனவே உள்ள பங்கசு தலைதூக்கும்.

இங்கே 2021ஐப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆண்டு மே மாதம் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. பயிர் மஞ்சளித்தபோது "நுண்ணுயிர் எல்லாம் பார்த்துக்கொள்ளும்" என்று சொன்னவர்களும் இருந்தார்கள். வேர்ப்பங்கசு காற்றிலிருந்து நைதரசன் பிடிக்காது. பல தோட்டக்காணிகளில் பழைய பொசுபரசு இருப்பில் இருந்தது. யூரியா நின்றதும் முதலில் காலியானது நைதரசன். பொசுபரசுக் கணக்கையும் நைதரசன் கணக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் வந்த பழியை நுண்ணுயிர்ப் பசளைகள் இன்றும் சுமக்கின்றன.

பயிர்ச் சுழற்சியிலும் பங்கசு குறையும். கோவா, முள்ளங்கி, நூல்கோல், பூக்கோவா எல்லாம் ஒரு குடும்பம். பீற்றூட்டும் தண்டங்கீரையும் இன்னொரு குடும்பம். இரண்டு குடும்பத்துக்கும் வேர்ப்பங்கசுக் கூட்டு பொதுவாகக் கிடையாது. கோவாவுக்குப் பின் பீற்றூட், அதற்குப் பின் வெங்காயம் என்று வைத்தால், பங்கசு ஆறேழு மாதம் சோறில்லாமல் கிடந்த மண்ணில், அதை ஆக அதிகம் நம்பியிருக்கும் பயிரை நடுகிறோம் என்று அர்த்தம். வெங்காயம் முதல் ஐந்து ஆறு கிழமை எழும்பாமல் நிற்கும். தோட்டக்காரர் ரி.எஸ்.பி கூட்டுவார். பங்கசு இன்னும் குறையும். இடையில் பயறோ உழுந்தோ கச்சானோ இறுங்கோ (சோளவகை) ஒரு போகம் வந்தால் கதை மாறும். ஆகச் சிறந்தது பசுந்தாட் பசளையாகப் போடும் சணல் (சணப்பு). அதன் வேரில் நைதரசன் பிடிக்கும் பற்றீரியாவும் உண்டு, வேர்ப்பங்கசும் உண்டு. வேர்முடிச்சு வட்டப்புழுவையும் அது அடக்கும். பூக்கத் தொடங்கும் பருவத்தில், 50 நாளளவில், மடக்கி உழ வேண்டும். பிந்தினால் தண்டு நாராகிவிடும்; உக்கும்போது மண்ணின் நைதரசனை அதுவே இழுத்து வைத்துக்கொள்ளும்.

முந்தி எங்கள் ஆட்கள் குழை தாழ்த்தார்கள். பூவரசங்குழை, ஆடுமாடு தின்னாத கழிவுக் குழை, பழைய பனையோலை எல்லாம் சால் வெட்டிப் புதைப்பார்கள். அதில் பொசுபரசு குறைவு, சேதனம் கூட. வேர்ப்பங்கசுக்கு இதைவிடத் தோதான பசளை கிடையாது. பங்கசை மனதில் வைத்துச் செய்ததில்லை. புகையிலைக்கு நல்லது என்று கண்டு செய்தார்கள். கிணற்று நைத்திரேற்றைப் பற்றிக் கவலைப்படுகிற இந்தக் காலத்தில் இந்தப் பழக்கம் கூலிச் செலவுக்காகக் கைவிடப்பட்டது பெரிய நட்டம்.

வெறுந்தறையும் பங்கசைக் குறைக்கும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் தண்ணீர் இல்லாத காணியை உழுது, ஒரு புல்லும் இல்லாமல் காயவிடுவதைச் சுத்தமான வேலை என்று நினைக்கிறோம். வேர்ப்பங்கசு உயிருள்ள வேர் இல்லாமல் வளரவே வளராது. வித்தியாக, அதாவது விதைபோன்ற நுண்துகளாக, வருடக்கணக்கில் உறங்கும். ஆனால் ஒவ்வொரு வெறுங்காலத்திலும் எண்ணிக்கை இறங்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நீண்ட வெறுங்காலத்துக்குப் பிறகு விதைத்த பயிர்கள், மண்ணில் சத்து இருந்தும், பொசுபரசும் நாகமும் இல்லாததுபோல் குறண்டி நின்றதற்குக் காரணம் இதுதான் என்று கண்டார்கள். வெள்ளமும் இதையே செய்யும், ஏனென்றால் இந்தப் பங்கசுக்குக் காற்று வேண்டும். 1993இல் மிசிசிப்பி ஆற்று வெள்ளம் தேங்கிய அமெரிக்க வயல்களில் அடுத்த ஆண்டுச் சோளம் ஊதாநிறம் பற்றி நின்றது. 2008 நவம்பரின் நிஷா புயல்போல் கார்த்திகை மழை ஒரேயடியாகக் கொட்டி, பள்ளக் காணியில் கிழமைக்கணக்கில் தண்ணீர் நிற்கிற காலம் இது. வெள்ளம் வடிந்த காணியில் அடுத்த பயிராக நேரே வெங்காயம் வைக்காதீர்கள். ஒரு இறுங்கோ பயறோ போட்டு எடுங்கள்.

வயற்காணியில் இதே காரணத்தால் கணக்கு வேறு. புழுதியில் விதைத்த நெல் முதல் சில கிழமை பங்கசோடு சேரும். வரம்பு கட்டித் தண்ணீர் நின்றதும் அந்தச் சேர்க்கை குறையும். நெல்லுக்கு அதனால் பெரிய குறை வராது, தேங்கிய தண்ணீரில் பொசுபரசு தானே இளகும். வயலுக்குப் பங்கசுப் பொதி வாங்குவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

உவர் ஏறும் பக்கத்திலோ பங்கசுக்குப் பாதி பலம்தான். சவர்த்தண்ணி இறைத்த செடிக்குள் சோடியம் ஏறாமல், பொற்றாசியம் கூடப் போகும்படி அது உதவும். ஆனால் உவர் கூடினால் பங்கசின் வித்தியே முளைக்காது. வெங்காயம் உவருக்கு மிக மெல்லிய பயிர்; மண் கரைசலின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1.2 டெசிசீமனைத் தாண்டினாலே விளைச்சல் இறங்கத் தொடங்கும். கிணறு சவர்த்துப்போன காணியில் வெங்காயத்தைப் பங்கசு காப்பாற்றும் என்று நம்பவேண்டாம்.

இனி, சொந்தமாகப் பங்கசு பெருக்கும் முறை. பரிசோதனைக் குழாயில் சோறு போட்டு வளர்க்க முடியாத உயிர் என்பதால் ஒரு செடியின் வேரில் வைத்துத்தான் பெருக்க வேண்டும். நடுகைக்கு ஏழு மாதம் முன்னே தொடங்குங்கள்.

தாய்மண் எடுக்கும் இடம் முக்கியம். பல வருடம் உழாத, பசளை விழாத வேலிக்கரை: பூவரசு, கிளுவை, இபில் இபில் நிற்க, கீழே புல்லும் இருக்கிற இடம். மேல் 5 சென்ரிமீற்றரை ஒதுக்கிவிட்டு, 20 வரைக்கும் உள்ள மண்ணை மெல்லிய வேர்களோடு ஐந்தாறு இடத்தில் வெட்டிக் கலக்குங்கள். கத்தரி, மிளகாய், தக்காளி நின்ற பாத்தியில் எடுக்கக்கூடாது. பங்கசோடு வேர்முடிச்சுப் புழுவும் பற்றீரியா வாடலும் வரும். வாழைத் தோட்டத்து மண்ணை வாழைக்கு எடுப்பதும் அதே பிழை.

கலவைக்கு மணல். கடற்கரைப் பக்கத்து மணல் என்றால் மூன்று தண்ணீரில் கழுவி உப்பைப் போக்குங்கள். நனைத்து, தெளிவான பொலித்தீனால் இறுக்கி மூடி, பங்குனி சித்திரை வெயிலில் 4 முதல் 6 கிழமை விட்டால் பெரும்பாலான நோய்க்கிருமி செத்துவிடும். தாய்மண்ணை இப்படிச் சுடவே கூடாது. சுட்டால் நாம் தேடுவதும் செத்துவிடும். நாலு பங்கு மணலுக்கு ஒரு பங்கு தாய்மண். வெட்டிய உரப்பையில் 20 லீற்றர் அளவு நிரப்பி, அடியில் துளை போட்டு, கல்லின் மேல் வையுங்கள். நிலத்தில் முட்டினால் கறையானும் புழுவும் ஏறும். பைக்கு ஐந்தாறு இறுங்கு விதையும் இரண்டு வெங்காயமும் போதும். கொம்போஸ்ட், கோழி எரு, ரி.எஸ்.பி எதுவும் வேண்டாம். இலை மிக வெளிறினால் மட்டும் ஒரு லீற்றருக்கு 1 கிராம் யூரியா கரைத்து, இரண்டு கிழமைக்கு ஒருக்கால் ஒரு கோப்பை. செடி மெலிந்து நிற்பதைக் கண்டு மனமிரங்கிப் பசளை போட்டுவிடுவதால்தான் பலருக்கு இது பிழைக்கிறது. அடுத்த காரணம் தண்ணீர். தினமும் ஊற்றி மண் சதசதத்தால் இழை மூச்சு முட்டும். மேல்மண் காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும்.

பன்னிரண்டாம் கிழமை வெங்காயத்தைப் பிடுங்கிப் பாருங்கள். பங்கசு ஏறிய வெங்காய வேரும் சோள வேரும் மெல்லிய மஞ்சள் பூசியதுபோல் தெரியும். வெளிச்சத்தில் வைத்தால் அது மங்கும், எடுத்த கையோடு பார்க்க வேண்டும். உறுதியாகத் தெரிய, பாடசாலை ஆய்வுகூடமே போதும். வேரை நூற்றுக்கு 10 பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, சில நிமிடம் கொதிக்கவிட்டுக் கழுவுங்கள். பிறகு வெள்ளை வினாகிரியில் நூற்றுக்கு 5 கறுப்புப் பேனை மை கலந்து மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள். சில துளி வினாகிரி விட்ட தண்ணீரில் அலசி, 100 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்தால் வேருக்குள் நீல நூலும் முட்டை வடிவப் பைகளும் தெரியும். எல்லா மையும் பிடிக்காது. ஒன்று பிடிக்காவிட்டால் வேறு கம்பனி மையைப் பாருங்கள்.

பதினாலாம் கிழமை தண்ணீரை நிறுத்தி, பத்துப் பதினாலு நாள் வாடவிடுங்கள். செடி சாகிற பயத்தில் பங்கசு வித்தி கட்டும். தண்டை வெட்டி எறிந்து, வேரை விரலளவாக நறுக்கி அந்த மண்ணோடு கலந்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காயவிட்டால் மூன்றரை மாத வேலை ஒரு பகலில் போகும். கையில் பிடித்தால் உதிரும் பதத்தில் சாக்கில் கட்டி, தகரக் கூரைக்குக் கீழே வைக்காமல், வீட்டுக்குள் குளிர்ந்த மூலையில் வைத்து ஆறு மாதத்துக்குள் பாவித்து முடியுங்கள்.

அதைத் தோட்டத்தில் இறக்க முதல் ஒரு சட்டியில் அந்த மண்ணைப் போட்டு ஒரு தக்காளி நாற்று நடுங்கள். ஆறு கிழமையில் வேரைப் பிடுங்கிப் பாருங்கள்; முடிச்சு இருந்தால் முழுவதையும் கொட்டிவிட வேண்டியதுதான். மனவருத்தமாக இருக்கும். ஆனால் வட்டப்புழு ஏறிய காணியைத் திருத்துவது அதைவிடப் பெரிய வேலை.

பாவிக்கும் அளவில் ஒரு சிக்கல் உண்டு. பத்துக்குப் பத்துச் சென்ரிமீற்றர் இடைவெளியில் குமிழ் வெங்காயம் நட்டால் ஒரு பரப்புக்கு ஏறக்குறைய 25,000 குமிழ். ஒன்றுக்கு 5 கிராம் வைத்தாலும் 125 கிலோ. யாரும் செய்யமாட்டார்கள். தூவிவிட்டாலும் பயனில்லை, வேர் அதைத் தொட வேண்டும். ஆகவே வேதாளன் என்ற இனம்போல் குமிழால் நடும் வெங்காயத்துக்கு, சணலும் சுழற்சியும்தான் வழி. உண்மை விதையில் நாற்றுப் போடுபவருக்கு வேலை லேசு: நாற்றுமேடையில் சதுர மீற்றருக்கு 1 கிலோ, விதைக்குக் கீழே 3 சென்ரிமீற்றர் ஆழத்தில் பரப்பி மூடினால் போதும். மிளகாய் நாற்றுமேடைக்கும் அப்படித்தான். வாழைக் குட்டிக்குக் குழிக்கு 200 கிராம், கிழங்கைத் தொடும்படி. மரவள்ளி இந்தக் கூட்டை மிகவும் நம்பும் பயிர். தடிக்கு அடியில் ஒரு பிடி. வித்தியாசம் தெரிய, பங்கசு இடாமல் இரண்டு பாத்தி விடுங்கள். இல்லாவிட்டால் மழை செய்ததையும் பங்கசின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

நட முதல் குமிழைப் பங்கசு நாசினியில் தோய்ப்பது எங்கள் வழமை. பென்சிமிடசோல் வகை, வேர்ப்பங்கசையும் சேர்த்து அடக்கும். மெற்றலக்சில் இதற்கு அவ்வளவு கேடில்லை. அழுகல் உள்ள காணியில் தோய்க்காமல் விடச் சொல்லமாட்டேன். தோய்த்தால் பங்கசுக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். திரைக்கோடெர்மாவையும் இதையும் ஒன்றென்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். திரைக்கோடெர்மா வேறு பங்கசுகளைத் தின்று வாழ்வது. உக்கல் எருவில் பெருகும், செடி வேண்டியதில்லை.

காட்டு மரங்கள் பங்கசு வழியாகப் பேசிக்கொள்கின்றன என்ற கதை இப்போது எல்லா இடமும் ஓடுகிறது. 1997இல் கனடாவின் பேர்ச் மரத்துக்கும் டக்ளஸ் ஃபர் மரத்துக்கும் இடையில் காபன் நகர்ந்ததைக் காட்டிய ஆய்வில் இருந்து வளர்ந்தது அது. கதைக்குச் சான்று போதாது என்று 2023இல் அந்தத் துறையினரே எழுதினார்கள். அங்குள்ள பங்கசு வேருக்கு வெளியே உறை போர்த்தும் வேறு வகை. அந்த வகையோடு சேரும் மரம் எங்களிடம் அருமை. காரைநகர்க் கடற்கரையில் நிற்கிறதே சவுக்கு, அது ஒன்று. சவுக்கு இரண்டு வகைப் பங்கசோடும் சேரும்; போதாததற்கு வேர் முடிச்சில் நைதரசன் பிடிக்கும் பற்றீரியாவும் வைத்திருக்கும். வெறும் மணலில் அது எழும்புவதன் இரகசியம் அதுதான். பனை வேறு விதம்: தடித்த, மயிரில்லாத வேர். வெங்காயத்தைப்போலவே அதற்கும் பங்கசு இழைதான் வேர்மயிர்.

1990க்குப் பிறகு கால்நூற்றாண்டும் அதற்கு மேலும் ஆளில்லாமல் கிடந்து விடுபட்ட வலிகாமம் வடக்குக் காணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. புதர் மண்டிய காணியைக் கண்டு மண் செத்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். அங்கே பசளை விழவில்லை, உழவு இல்லை, உயிருள்ள வேர் எப்போதும் இருந்தது. வேர்ப்பங்கசுக்கு அது நல்ல காலம். கேடு வருவது துப்புரவாக்கும்போது. புல்டோசர் புதரோடு மேல்மண்ணையும் வழித்து மூலையில் குவித்தால், பங்கசின் பெரும்பகுதி இருக்கும் முதல் 20 சென்ரிமீற்றரும் போய்விடும். எங்கள் செம்மண் பல இடத்தில் அவ்வளவு ஆழமும் இல்லை, கீழே கல். தறித்து, வேரை மட்டும் கிளப்பி, மண்ணை இருந்த இடத்திலேயே விடுங்கள். ஏற்கனவே குவித்தாயிற்று என்றால் அந்தக் குவியல்தான் உங்கள் தாய்மண். திரும்பப் பரவுங்கள்.

கடைசியாக வேலி. பூவரசங் கதியாலை வெட்டி மதில் கட்டாத வீடு இப்போது அரிது. வேலி போனால் குழையும் போச்சு, ஆட்டுக்குத் தீனும் போச்சு, உழவு படாமல் ஆண்டாண்டாகப் பங்கசு தங்கிய ஒரு கோடும் போச்சு. மதில்தான் வேண்டும் என்றால் தோட்டப்பக்கம் அத்திவாரத்திலிருந்து ஒரு மீற்றர் அகலத்தை உழாமல், களைநாசினி அடிக்காமல் விட்டு, பழைய கதியால்களில் பச்சையாக உள்ளவற்றை மூன்று அடிக்கு ஒன்றாக அதில் ஊன்றுங்கள். சீமெந்துக் கலவையை அந்தக் கீற்றில் குழைக்க வேண்டாம் என்று மேசனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சுண்ணாம்பு எங்கள் மண்ணுக்கு ஏற்கனவே போதும்.